ஒரு காவுதடியும் இரண்டு காறை எலும்பும்

ஊர்காவற்றுறை
24.03.2025

அந்தோனியார் எனக்குத் துணை. உமக்கு வேண்டுமென்றால் நீரே கேட்டு வாங்கும்.

மச்சான் அமலதாஸுக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த உம்மைப் பார்த்து, என் எலும்பு பொருந்தும்வரை உம்மோடு ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்று அந்தோனியார் பேரில் நேர்ந்துகொண்டேன். நேர்ந்தது நேர்ந்ததுதான். ஆனால் கதைக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. போனில் பேசினால் அதுவும் கதைதானே. அதோடு என் போன் நாங்கள் விழுந்தபோது இரண்டு பேருக்கும் கீழே அகப்பட்டுச் சப்பளிந்து போயிற்று. ஆகையால் கடிதம். நீர் மகள் அன்ரனிட்டா வீட்டில் இருக்கும்வரை உம்முடைய அக்கா மேரிசுகந்தி பஸ்ஸில் மீனும் கொண்டு, இதையும் கொண்டு வருவா. மீன் அவ தருவது. கடிதம் மட்டும்தான் நான் தருவது.

கேட்கிறவர்களுக்கெல்லாம் நீர் வேறு கதை சொல்கிறீர் என்று கேள்வி. எனவே நடந்ததை எழுதி வைக்கிறேன். அந்தோனியார் சுரூபத்தை வைத்துத் தோளில் காவுகிற கூட்டின் வலப்பக்கக் காவுதடியைக் கறையான் தின்றதால் வேலணையில் ஆசாரியிடம் புதிதாக ஒன்று செய்வித்தோம். இராசநாயகம் தன் வாகனத்தில் ஏற்றி வருகிறேன் என்றார். அந்தோனியாருடைய தடியைக் கண்டவர்களும் தொடக்கூடாது என்று மறுத்தது நாங்கள் இரண்டு பேரும்தான், அதை நான் மறைக்கவில்லை. நீர் மோட்டார் சைக்கிளை ஓட்ட, நான் பின்னால் இருந்து தடியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். புளியங்கூடல் வளைவில் நீர் லைட் போஸ்டுக்குக் கிட்டவாக வெட்டி எடுத்தீர். தடி போஸ்டில் மோதி ஒரு சுற்றுச் சுற்றியது. நான் இடப்பக்கம் விழுந்தேன், நீர் வலப்பக்கம் விழுந்தீர். எனக்கு இடது காறை எலும்பு, உமக்கு வலது காறை எலும்பு. தடிக்கு ஒரு கீறலும் இல்லை.

ஒரே டொக்டர்தான் இரண்டு பேரையும் பார்த்தார். உமக்கு ஒப்பரேசன் செய்து பிளேற் வைத்தார். எனக்குக் கையைத் தொங்கவிடக் கழுத்தோடு ஒரு துணித்தூளி கட்டி வீட்டுக்குப் போ என்று விட்டார். ஆள் பார்த்துச் செய்தாரோ என்று முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நல்ல எலும்பு தானாகப் பொருந்தும், சொத்தி எலும்புக்குத்தான் தகரம் வேண்டும்.

யூன் 13 திருநாளை நினைத்துப் பாரும். கூட்டின் முன்தடி இரண்டில் வலப்பக்கம் எங்கள் குடும்பத்துக்கு, இடப்பக்கம் உங்கள் குடும்பத்துக்கு. எங்கள் அப்புமார் கூடு காவின காலத்திலிருந்து அப்படித்தான். தடிக்கு வெளியே நின்று காவுவதால் வலப்பக்கத்தான் இடது தோளிலும் இடப்பக்கத்தான் வலது தோளிலும் தாங்க வேண்டும். விழுந்தபோது இரண்டு பேரும் தேவையான தோளாகப் பார்த்து உடைத்திருக்கிறோம். எங்கள் இருவருடைய உயரத்தில் ஊரில் வேறு சோடி இல்லை. மாற்றாள் போட்டால் அந்தோனியார் சரிந்துகொண்டுதான் வீதி சுற்றுவார்.

பங்குச் சபைச் செயலாளர் ஜெயந்தா வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனா: "மே முடியிறதுக்கிடையிலை சொல்லுங்கோ. இரண்டு பேரிலை ஒராளுக்கு ஏலாட்டிலும் இந்த முறை லான்ட்மாஸ்டர்தான்." அந்த இரண்டு சில்லு உழவு மெஷினை ஓட்டப்போகிறவன் யார் தெரியுமா? என் சொந்த மகன் மிரோஜன். அது பின்னால் இழுக்கிற பெட்டியைச் சுற்றிக் கலர் லைட்டும் பாட்டுப் பெட்டியும் பூட்டுவானாம். ஒருமுறை லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏறிய அந்தோனியார் பிறகு எங்கள் தோளுக்கு இறங்க மாட்டார். அதை நினைத்தால் எனக்கு எலும்பு முறிந்ததைவிட நோகிறது.

நான் அதற்குள் ஆயத்தமாகிவிடுவேன். துவாய் மடித்து வைத்துக் காவுகிற உம்முடைய பஞ்சுத் தோள் என்ன செய்யுமோ தெரியாது.

உம்மோடு கதைக்காத,
பத்திநாதர்


யாழ்ப்பாணம்
02.04.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று அந்தோனியாரைக் கேட்டு, எனக்குக் கிடைத்த துணையில் பாதியை உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

எழுத்துக் கோணலாக இருந்தாலும் பாருங்கள், இது முறிந்த பக்கத்துக் கையால் எழுதுகிற கடிதம். இதுதான் ஒப்பரேசனின் பெருமை. இதைத் தகரம் என்று எழுதியிருந்தீர்கள். தகரம் இல்லை அத்தான், இதற்கென்றே செய்த உலோகம், துருப்பிடிக்காது, காறை எலும்பின் வளைவுக்கு ஏற்றபடி வளைந்திருக்கும். ஆணிகளும் உண்டு. எக்ஸ்ரேயில் பார்த்தால் எங்கள் வள்ளத்தின் முன் அணியத்தில் அடித்த இரும்புப் பட்டம் மாதிரி இருக்கிறது. அன்ரனிட்டா அதைத் தன் போனில் படம் பிடித்து வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். கனடாவிலிருந்து மூன்று பேர் அழைத்து விசாரித்தார்கள். துணித்தூளியைப் பார்த்து யார் கனடாவிலிருந்து அழைப்பார்கள்?

விபத்து விஷயம். நான் போஸ்டுக்குக் கிட்டவாக எடுத்தேன் என்பது உண்மை. ஆனால் வளைவுக்குச் சற்று முன்னால் நீங்கள், புளியங்கூடல் வயலில் நின்ற ஆரையோ கண்டு கை காட்டினீர்கள். கை காட்டும்போது தடியும் சேர்ந்து காட்டியது. உங்களை மறுத்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும், அக்காவின் புருஷன் என்றாலும் போஸ்ட் போஸ்ட்தான்.

துவாயைப் பற்றியும் வழமைபோல எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் வழமைபோல ஒன்றும் சொல்லவில்லை.

லான்ட்மாஸ்டர் கதை கேட்டு இரவு சோறு இறங்கவில்லை. ஜெயந்தாவிடம் சொல்லுங்கள், இடப்பக்கத்துக்கு நான் உறுதி. உங்கள் எலும்புதான் தானாகப் பொருந்த வேண்டியது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. மிரோஜனிடம் கோபிக்க வேண்டாம், அவன் சின்னப் பொடியன் இல்லை, தன் மனதுக்குப் பட்டதைச் சொல்கிறான்.

பாரை மீனுக்கு அக்காவுக்கு நன்றி.

தங்கள் அன்புள்ள,
அமலதாஸ்


ஊர்காவற்றுறை
20.04.2025, உயிர்த்த ஞாயிறு

மச்சான் அமலதாஸுக்கு,

பெருநாள் வாழ்த்து. இதைக் கதைத்த கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கை காட்டியது உண்மை. வயலில் நின்றது இராசநாயகத்தின் தம்பி. ஆள் கை காட்டினால் திருப்பிக் காட்டாமல் வருவது எங்கள் பழக்கமில்லை. அதற்காக போஸ்டை யாரும் போய் முட்டச் சொல்லவில்லை.

நீர் கனடாவரை பேர் எடுத்துவிட்டீர். இங்கே என் பாட்டைக் கேளும். படுத்தால் எலும்பு நறநறக்கிறது, ஆகவே கதிரையில் இருந்தபடியேதான் நித்திரை. ஒரு கையால் ஏலாதபடியால் சேட்டுக்குத் தெறி பூட்டுவது உம்முடைய அக்கா. பூட்டும்போது ஒவ்வொரு தெறிக்கும் ஒரு ஏச்சு. பெரிய பூசைக்கு வெள்ளைச் சேட்டின் ஒரு கை வெறுமையாகத் தொங்கத் தொங்கப் போனேன், சின்னப் பிள்ளைகள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞானசவுந்தரி மாமி முறிவு வைத்தியரின் எண்ணெய்ப் போத்தல் ஒன்று கொண்டுவந்து, தேய்த்தால் பூப்போலப் பொருந்தும் என்றா. எலும்பு சேருகிற நேரம் தேய்த்து அசைக்கக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். மாமியின் மனமும் நோகக் கூடாது. முழங்காலில் பூசிக்கொண்டேன். முழங்கால் இப்போது மிகத் திறம், முறியாமலே சுகமாகிவிட்டது.

உண்மை ஒன்று எழுதுகிறேன், சிரிக்க வேண்டாம். முறிந்த இடத்தில் ஒரு முண்டு எழும்பியிருக்கிறது, புளியங்கொட்டை அளவில். சேட்டுக்கு மேலாலும் தெரியும். எலும்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. உம்மைப்போல நேராக வைத்துப் பூட்டியிருந்தால் என்ன என்று விடியற்புறத்தில் கதிரையில் இருந்து யோசிப்பதுண்டு. அந்த நேரம் மிரோஜன் தனியே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தமும் கேட்கும்.

உமக்குக் கெட்டித்தனம் இருந்தால் அந்த டொக்டரிடம் கேட்டுப் பாரும், எனக்கு ஏன் பிளேற் வைக்கவில்லை என்று. நான் கேட்டதாகச் சொல்லக் கூடாது.

பத்திநாதர்


யாழ்ப்பாணம்
04.05.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கேட்டேன். நீங்கள் கேட்டதாகச் சொல்லவில்லை, ஆனால் டொக்டர் சிரித்தபடி "அத்தான் கேக்கச் சொன்னவரோ?" என்றார். ஆஸ்பத்திரியில் நீங்கள் சத்தமாக நேர்ந்துகொண்டதை ஆரும் மறக்கவில்லைப் போலிருக்கிறது.

அவர் இரண்டு எக்ஸ்ரேயையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அத்தான்ரை எலும்பு முறிஞ்சாலும் இரண்டு முனையும் ஒண்டையொண்டு தொட்டுக்கொண்டுதான் நிக்குது. உங்கடையது மூண்டு துண்டாகி, கோவிச்சுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போட்டுது, ஒரு துண்டு தோலைக் குத்திக்கொண்டு நிண்டது. கிட்ட நிக்கிறதைக் கட்டிவிட்டாக் காணும். கோவிச்சுப் போனதை இழுத்து வந்து பூட்டத்தான் வேணும்."

ஆக, ஆள் பார்த்துச் செய்யவில்லை அத்தான், எலும்பு பார்த்துத்தான் செய்திருக்கிறார். எல்லாருக்கும் பிளேற் வைத்தால் நல்லதுதானே என்று கேட்டேன். வெட்டித் திறந்தால் கிருமி பிடிக்கலாம், காயத்துக்குக் கீழே விறைத்துப் போகலாம், பிறகு பிளேற் உறுத்தினால் கழற்ற இன்னொரு ஒப்பரேசன் வேண்டிவரலாம், தேவையில்லாதவருக்கு அந்த வில்லங்கம் எதற்கு என்றார். அதேநேரம் கட்டி விட்டவருக்கு முண்டு வரும், தோள் ஒரு சொட்டுக் கட்டையாகலாம், பொறுத்திருக்க வேண்டும். இரண்டு வழிக்கும் ஒவ்வொரு விலை இருக்கிறதாம். உங்கள் முண்டு பயப்பட வேண்டியதில்லை, அதுதான் எலும்பு தன்னைத் தானே ஒட்டுகிற பசை, காலம் போக வற்றும் என்றார்.

என் கதை என்னவென்றால், எனக்கு எல்லாம் திறம். மார்பில் உள்ளங்கை அளவு இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை, அவ்வளவுதான். சந்தைக்குப் போகும்போது அன்ரனிட்டாவின் பையைத் தோளில் போட்டேன், பை நாடா பிளேற்றில் பட்டதும் கண்ணில் பூச்சி பறந்தது. அதுவும் சும்மா ஒரு நிமிஷம்தான். இடப்பக்கத்துக்கு நான் உறுதி என்பதில் மாற்றமில்லை.

விடியற்புறத்தில் கதிரையில் இருந்து யோசிக்க வேண்டாம். அந்த நேரம் எனக்கும் நித்திரை வராது. எனக்கும் வள்ளத்தின் சத்தம் கேட்கிற மாதிரித்தான் இருக்கும், இங்கே பஸ் சத்தம்தான் என்றாலும்.

தங்கள்,
அமலதாஸ்


ஊர்காவற்றுறை
18.05.2025

மச்சான்,

என் எலும்பு பொருந்திவிட்டது. வெள்ளிக்கிழமை எக்ஸ்ரேயில் பார்த்துச் சொன்னார்கள். துணித்தூளியைக் கழற்றி உம்முடைய அக்காவிடம் கொடுத்தேன், அவ அதைக் குசினியில் பிடிதுணியாக்கிவிட்டா. நேர்த்தியும் முடிந்தது. இனி உம்மோடு கதைக்கலாம். ஆனால் இப்போது சொல்ல இருப்பதை வாயால் சொல்ல எனக்கு ஏலாது, அதனால் எழுதுகிறேன்.

பொருந்திவிட்டது என்று கேட்டதும் அதே கையோடு கோயிலுக்குப் போனேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து, புதுக் காவுதடியின் ஒரு முனையைத் தூக்கி இடது தோளில் வைத்துப் பார்த்தேன். கூடு இல்லை, சுரூபம் இல்லை, வெறுந்தடி. அது சரியாக அந்த முண்டின்மேல் வந்து குந்தியது. இரண்டு அடி நடந்தேன். மூன்றாவது அடிக்கு அந்தோனியாரைக் கூப்பிட்டேன். தடியை இறக்க வழி தெரியாமல் நின்றபோது பூச்சாடி கழுவ வந்த ஜெயந்தா கண்டுவிட்டா. தடியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனா. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டொக்டரும் முதலே சொன்னவர்தான்: "பொருந்தினது வேறை, பாரம் தாங்கிறது வேறை. இந்த வருஷம் இந்தத் தோளிலை ஒண்டும் வைக்கக் கூடாது." கேட்காதவன்போல வந்துவிட்டேன்.

என்னால் ஏலாது மச்சான். வலப்பக்கத்துக்கு ஆள் இல்லை. நீர் உறுதியாக இருக்கிறீர், உம்மையும் நான் கெடுத்துவிட்டேன். லான்ட்மாஸ்டருக்குச் சம்மதம் என்று சபைக்குச் சொல்லப் போகிறேன். பெட்டியில் கலர் லைட் மட்டும் வேண்டாம் என்று கேட்டுப் பார்ப்பேன். இதை எழுதும்போது அழுதேன் என்று உம்முடைய அக்கா சொல்வா. நம்பும்.

பத்திநாதர்


யாழ்ப்பாணம்
22.05.2025

அன்புள்ள அத்தானுக்கு,

சபைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தை முழுக்க வாசிக்கும்வரையாவது பொறுங்கள்.

நான் உறுதி என்று எழுதியதெல்லாம் புளுகு. பை நாடா பட்டதற்கே கண்ணில் பூச்சி பறந்தவன் காவுதடியை எப்படித் தாங்குவேன்? காறை எலும்புக்கு மேலே தோல் மட்டும்தானாம், சதை இல்லையாம். பிளேற்றுக்கும் தடிக்கும் நடுவில் என் தோல் மட்டும்தான் இருக்கும். டொக்டர் என்னிடமும் அதையேதான் சொன்னார், அந்தத் தோளில் ஒன்றும் வைக்கக் கூடாது என்று. ஏப்ரலிலேயே சொன்னார். நீங்கள் துணித்தூளியோடு நம்பிக்கையாக இருக்கும்போது பிளேற் வைத்தவன் பின்வாங்கினால் என்ன மரியாதை என்று மறைத்தேன். ஆக வெட்டினவனுக்கும் ஏலாது, கட்டினவனுக்கும் ஏலாது. நாங்கள் இரண்டு மாதமாக எந்த வைத்தியம் திறம் என்று சண்டை பிடித்தோம், அந்தோனியார் மேலே இருந்து பார்த்துச் சிரித்திருப்பார்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நானும் அழுதேன். பிறகு முகம் கழுவக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது ஒரு விஷயம் பட்டது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

எனக்கு இடது தோள் திறம் அத்தான். உங்களுக்கு வலது தோள் திறம்.

நல்ல தோளில் காவினால் என்ன என்று டொக்டரைப் போனில் கேட்டேன். "நல்ல தோளை நான் ஏன் மறிக்கிறன்? முறிஞ்ச பக்கத்துக் கையாலை மட்டும் ஒண்டையும் பிடிச்சு இழுக்காதேங்கோ" என்றார். இதற்கு மேலே எழுத எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் அப்பு நின்ற இடத்தைப் பற்றியது. நீங்களே யோசியுங்கள். கோபம் வந்தால் இன்னொரு முறை நேர்ந்துகொள்ளுங்கள், நான் தாங்குவேன்.

தங்கள்,
அமலதாஸ்


ஊர்காவற்றுறை
25.05.2025

மச்சான்,

முதலில் கோபம்தான் வந்தது. வலப்பக்கத்தை விட்டுக்கொடுத்தவன் என்று எங்கள் சந்ததியில் பேர் எடுக்கப் போகிறேனா என்று உம்முடைய அக்காவிடம் கத்தினேன். அவ மீன் வெட்டிக்கொண்டு நிமிராமல் சொன்னா: "அந்தோனியாருக்கு இரண்டு பக்கமும் தன்ரை பக்கம்தான். உங்களுக்குத்தான் வலம் இடம்."

எழும்பி நேரே ஜெயந்தா வீட்டுக்கு நடந்தேன்.

வலப்பக்கத்தில் நீர் நில்லும். நான் இடப்பக்கம் வருகிறேன். ஜெயந்தாவிடம் சொல்லிவிட்டேன், இந்த ஒரு வருஷம் மட்டும் என்றும் சொல்லிவிட்டேன். மிரோஜன் லான்ட்மாஸ்டரில் நடக்க ஏலாத கிழவிமாரை ஏற்றிப் பின்னால் வரட்டும், கலர் லைட்டை அவர்களுக்குப் போடட்டும். ஞானசவுந்தரி மாமி இப்போதே முன் இடம் பிடித்துவிட்டா.

கெதியாக வாரும். பஸ்ஸில் வாரும். மோட்டார் சைக்கிளில் வரக்கூடாது.

பத்திநாதர்


ஊர்காவற்றுறை
15.06.2025

மச்சான் அமலதாஸுக்கு,

நீர் இப்போது ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் உம்முடைய வீட்டில் இருக்கிறீர், கூப்பிட்டால் கேட்கும். நேற்றும் இன்றும் படலைவரை வந்து திரும்பிவிட்டேன். சில விஷயம் எழுதித்தான் எனக்குப் பழகிவிட்டது.

முந்தநாள் திருநாளில் கூட்டைத் தூக்குவதற்கு முன்னால் நீர் உம்முடைய துவாயை மடித்து என்னிடம் நீட்டினீர். நான் ஊர் முழுக்கப் பார்க்க, பஞ்சுத் தோளுக்குத்தான் துவாய் என்று சொல்லித் தட்டிவிட்டேன். நீர் அதை என் இடுப்பில் செருகிவிட்டு உம்முடைய தடிக்குப் போனீர்.

கோயில் வளவுக்குள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடற்கரை வீதிக்கு இறங்கினோம். அந்த வீதி கடல் பக்கமாகச் சரிந்தது என்பது பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும், ஆனால் மேட்டுப் பக்கத்தில் நின்று தெரிந்திருந்தேன். கடல் பக்கம், பள்ளத்தில் நிற்கிறவன் இடப்பக்கத்தான். பத்து யார் போகுமுன் கூடு என்மேல் சாய்ந்தது. அந்தோனியார் முழுப் பாரத்தோடும் என் தோளுக்கு வந்தார். நான் பெருவிரலில் எம்பி நடந்து பார்த்தேன், அந்த உயரம் காணாது. தடிக்கும் தோளுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று வைத்து உயர்த்தினால்தான் சுரூபம் நேராக நிற்கும் என்று அப்போதுதான் விளங்கியது.

முதல் தரிப்பில் இடுப்பிலிருந்த துவாயை எடுத்து மடித்து வைத்தேன். நீர் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றீர். பார்த்தும் பார்க்காமல் நின்றதற்கு நன்றி. அதன்பிறகு கோயில் வாசல்வரை அந்தோனியார் ஒரு நூல் சரியவில்லை, ஜெயந்தாவும் சொன்னா.

இத்தனை வருஷமும் மரியாதைப் பக்கம் என்று நெஞ்சை நிமிர்த்தி நான் நடந்தேன், பாரத்தை நீர் காவினீர். நோவுக்குத் துவாய் வைக்கிறீர் என்று நான் பகிடி பண்ணினேன், நீர் சுரூபம் நேராக நிற்க வைத்திருக்கிறீர். ஒரு நாளாவது வாய் திறந்து சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பீர்? சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், அதுவும் எனக்குத் தெரியும்.

நாளைக்கு விடிய வள்ளத்துக்கு வாரும். மிரோஜன் வலை வளைப்பான், நாங்கள் சும்மா இருந்து மீனைத் தெரிந்து பிரிக்கலாம். எனக்கு ஒரு கை, உமக்கு ஒரு கை, அதற்குக் காணும்.

ஜெயந்தாவிடம் இந்த ஒரு வருஷம் மட்டும் என்று சொன்னதை இன்று போய் மாற்றிச் சொல்லிவிட்டேன். உம்முடைய பிளேற்றைக் கழற்றினாலும், என் முண்டு வற்றினாலும், வலப்பக்கம் இனி உம்முடையது. துவாயை உம்முடைய அக்கா தோய்த்துக் காயப் போட்டிருக்கிறா. அதைத் திருப்பித் தரமாட்டேன்.

அன்புள்ள,
பத்திநாதர்